முதுகுக்குப் பின்னால் ஐம்பது மீட்டர்: கார்லெஸ் புயோலின் பதினைந்து ஆண்டுகள்

2010 ஜூலை 11, ஜோஹன்னஸ்பர்க். உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் 83ஆவது நிமிடம். ஸ்பெயினும் நெதர்லாந்தும் அதுவரை கோல் அடிக்கவில்லை. உயரமாக வந்த ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஆர்யன் ராபன் ஓடுகிறார். அன்றைய கால்பந்தில் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதிரே தடுக்க இருப்பவர் 32 வயது கார்லெஸ் புயோல். ராபன் அவரையும் முந்துகிறார். முந்தும்போது புயோலின் கை அவர் உடம்பைச் சுற்றி விழுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. ராபன் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் அது ஃபவுல். 16ஆவது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த புயோல் இரண்டாவது அட்டையோடு வெளியேறியிருப்பார். ராபன் நிலை தடுமாறாமல் ஓடினார்தான். ஆனாலும் அந்தப் பிடியில் போன அரை நொடி போதுமானதாக இருந்தது. கோல்கீப்பர் கசியாஸ் முன்னே பாய்ந்து பந்தை அவர் காலடியிலிருந்து அள்ளிக்கொண்டார். ராபன் நடுவர் ஹோவர்ட் வெப்பிடம் போய் வாதாடினார். மஞ்சள் அட்டை வாதாடியவருக்குத்தான் கிடைத்தது. 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் அடித்தார். ஸ்பெயின் முதல் தடவையாக உலகக் கோப்பையைத் தூக்கியது.

அது ஃபவுல்தான் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. புயோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு நாள் முன்பு டர்பனில் நடந்த அரையிறுதியில் அவர் தலையால் முட்டிய கோலிலிருந்து தொடங்குவார்கள். அந்தக் கோலுக்கும் வருவேன். ஆனால் அவர் பதினைந்து வருடம் செய்த வேலை ராபனோடு ஓடிய அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. அணி முழுவதும் முன்னே ஏறி நிற்கிறது. பின்னால் பாதி மைதானம் காலி. பந்து அந்தக் காலி இடத்தில் விழுகிறது. யாரோ ஒருவர் திரும்பி ஓடியாக வேண்டும்.

கேள்வி

புயோலைப் பாராட்டுபவர்கள் பயன்படுத்தும் சொற்கள் எப்போதும் ஒன்றுதான்: இதயம், வீரம், விட்டுக்கொடுக்காத குணம். அந்தச் சுருட்டை முடியும் சேர்ந்துகொண்டு அவரைக் காட்டுச் சிங்கமாக்கிவிட்டது. இந்தப் பாராட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வீரம் என்று சொல்லி முடித்துவிட்டால் அவர் கற்றுக்கொண்ட தொழில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. வீரம் மட்டும் இருந்த தடுப்பாட்டக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

உயரம் 1.78 மீட்டர். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக்குக்கு அது குட்டை என்றே சொல்ல வேண்டும். பந்தைக் கையாளும் நளினத்தில் அவருடைய பார்சிலோனா அணியில் இருந்த யாரோடும் அவரை ஒப்பிட முடியாது. சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி, புஸ்கெட்ஸ் என்று பந்தைத் தொட்டாலே பாட்டுப் பாட வைப்பவர்கள் நிறைந்த அணி அது. கோல்கீப்பரிலிருந்தே பாஸ் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அணி. அப்படிப்பட்ட அணியில் பாஸ் ஆட்டத்தில் நடுத்தரமான ஒருவர் பத்து வருடம் கேப்டனாக இருந்தது எப்படி? கிளப்புக்கு 593 போட்டி, நாட்டுக்கு 100 போட்டி. ஆறு லீக் பட்டம், மூன்று சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை ஒன்று, ஒரு உலகக் கோப்பை. இத்தனையும் உடன் ஆடியவர்களின் தயவில் வந்ததா, அல்லது அவர்களின் ஆட்டமே இவரை நம்பித்தான் நடந்ததா?

இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. அதற்கு அவர் கொடுத்த விலை இரண்டு முழங்கால்கள்.

மலையடிவாரத்துப் பையன்

லா போப்லா தே செகூர் கட்டலோனியாவின் யேய்தா மாகாணத்தில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர். 1978 ஏப்ரல் 13 அன்று அங்கே பிறந்தார். குடும்பத்துக்கு மாட்டுப் பண்ணை. சிறுவனாக முதலில் நின்ற இடம் கோல் கம்பங்களுக்கு நடுவே. தோள்பட்டையில் தொந்தரவு வந்ததால் கோல்கீப்பர் வேலை போயிற்று; முன்களத்துக்கு மாறினார். 1995இல் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிப் பள்ளிக்கு வந்தபோது வயது 17. அங்கே மற்ற பையன்கள் பத்துப் பதினோரு வயதிலேயே வந்து, அந்தக் கிளப்பின் பாஸ் இலக்கணத்தைத் தாய்மொழிபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வளர்ந்த பிறகு வேற்று மொழி கற்க வந்தவர்போல வந்து சேர்ந்தார். முதலில் தற்காப்பு நடுக்கள வீரர், பிறகு பி அணியில் வலது பின்களம், கடைசியில் சென்டர் பேக்.

கோல்கீப்பர், முன்கள வீரர், நடுக்கள வீரர், வலது பின்கள வீரர், சென்டர் பேக். ஐந்து இடம். இதை அலைச்சல் என்று பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு இதில்தான் அவருடைய பள்ளிக்கூடம் தெரிகிறது. கோல்கீப்பராக நின்றவனுக்குப் பந்து எந்தக் கோணத்தில் வந்தால் ஆபத்து என்று தெரியும். முன்களத்தில் ஆடியவனுக்கு, ஓடுகிறவன் எந்த நொடியில் காலை வீசுவான் என்று தெரியும். பின்னாளில் எதிரணி வீரர் உதைக்கக் காலைத் தூக்கும்போதே புயோலின் உடம்பு பந்தின் பாதையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறோம். அதைத் துணிச்சல் என்றார்கள். பாதி துணிச்சல்; மீதி, உதைப்பவனின் இடுப்பைப் பார்த்தே பந்து போகும் திசையைக் கணக்குப் போட்டது.

1998இல் மலாகா கிளப் அவரைக் கேட்டது. பார்சிலோனா அனுப்பச் சம்மதித்தது. தன் நண்பன் சாவி முதல் அணியில் இறங்கி ஆடியதைப் பார்த்த பிறகு புயோல் போக மறுத்தார். அன்று அவர் 20 வயது, பி அணி ஆட்டக்காரர், கிளப்பே விற்கத் தயாராக இருந்த சரக்கு. தன் இடம் இதுதான் என்று சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் இல்லை. 1999 அக்டோபர் 2 அன்று வாயடோலிட் அணிக்கு எதிராகப் பயிற்சியாளர் லூயி வான் கால் அவரை முதல் அணியில் இறக்கினார். பார்சிலோனா 2–0 என வென்றது.

கோப்பை இல்லாத காலம்

இங்கேதான் பலர் தாவிக் குதித்து 2009க்குப் போய்விடுகிறார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

புயோல் இறங்கிய நாளிலிருந்து முழுதாக ஐந்து சீசன் பார்சிலோனா எதையும் வெல்லவில்லை. லீக் இல்லை, ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரே இல்லை, ஐரோப்பியக் கோப்பை இல்லை. வான் கால் போனார், செர்ரா ஃபெரர் வந்தார், அவர் போய் ரெக்ஸாக் வந்தார், மறுபடி வான் கால், பிறகு ஆன்டிச், 2003இல் ரைக்கார்ட். 2002–03 சீசனில் லீக்கில் ஆறாவது இடம். ஆட்டம் ஒழுங்கில்லாத அணியில் பின்கள வீரனின் கதி என்ன? நடுக்களம் கிழிந்து கிடக்கும். எதிரணி மூன்று பேர் ஓடிவருவார்கள், தடுக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். வாரம் தவறாமல் இதே பாடம். நல்ல அணியில் வளர்ந்த தடுப்பாட்டக்காரனுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது. பின்னாளில் உலகின் மிகச் சிறந்த அணியில் புயோல் காட்டிய திறமை, ஓட்டை விழுந்த அணியில் கற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தின் இரண்டு காட்சிகள் போதும்.

2000 அக்டோபர் 21. லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போன பிறகு முதல் தடவையாக பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவுக்குத் திரும்பி வருகிறார். மைதானம் முழுக்க வசை. பந்து அவர் காலுக்கு வரும்போதெல்லாம் காது கிழியும் விசில். ஃபிகோவைக் காவல் காக்கும் வேலை 22 வயது புயோலுக்கு. அவர் போன இடமெல்லாம் நிழல்போலப் போனார். கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இளம் வயதில், சொந்த மைதானத்தில், எதிரியாகிவிட்ட நாயகனைப் பக்கத்தில் நின்று மறித்துக்கொண்டிருப்பதும் சுலபமில்லை, தலையைச் சூடாக்கிக்கொள்ளாமல் இருப்பதும் சுலபமில்லை. ஃபிகோவால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்சிலோனா 2–0 என வென்றது.

2002இல் சாம்பியன்ஸ் லீக்கில் லோகோமோட்டிவ் மாஸ்கோவுக்கு எதிரான ஆட்டம். கோல்கீப்பர் பொனானோ இடத்தை விட்டு வெளியே வந்து தோற்றுப்போய்விட்டார். கோல் வாய் திறந்து கிடக்கிறது. எதிரணி வீரர் அடிக்கிறார். கோல் கோட்டுக்கு முன்னால் புயோல் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். பந்து அவர் நெஞ்சில், சட்டையின் சின்னத்தில் பட்டுத் திரும்புகிறது. 'சின்னத்தால் தடுத்தவர்' என்று அந்தப் படத்தைக் கிளப்பின் ரசிகர்கள் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அழகான படம்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் அதில் இன்னொன்று இருக்கிறது: கோல்கீப்பர் கிளம்பிய கணத்திலேயே அவர் காலி செய்த இடத்தை நோக்கி இவர் ஓடத் தொடங்கியிருக்கிறார். பந்து அடிக்கப்பட்ட பிறகு ஓடியிருந்தால் சேர்ந்திருக்க முடியாது. கோல் கம்பங்களுக்கு நடுவே வளர்ந்தவனின் பழக்கம் அது.

பட்டையும் பண்ணையும்

2004இல் லூயிஸ் என்ரிக்கே ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை புயோலின் கைக்கு வந்தது. கட்டலோனியக் கொடியின் மஞ்சள், சிவப்புக் கோடுகள் போட்ட பட்டை. அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்த கதை: ரொனால்டினியோ, எட்டோ, டெகோ, 2005இல் லீக், 2006இல் மறுபடி லீக், அதே ஆண்டு மே 17 அன்று பாரிசில் அர்செனலை 2–1 என வென்று சாம்பியன்ஸ் லீக்.

அந்த ஆண்டு நவம்பரில் ஊரில் பண்ணை வேலையில் நடந்த விபத்தில் அவருடைய தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தைப் பற்றி வெளியே இருந்துகொண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை. மைதானத்தில் அவர் செய்த வேலை மாறவில்லை என்பதை மட்டும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லலாம்.

இதே 2006இல் ஒரு தோல்வியையும் கணக்கில் எழுத வேண்டும். ஆய்வு என்று சொல்லிவிட்டு நல்லதை மட்டும் அடுக்குவது நியாயமில்லை. ஜூன் 27, ஹனோவர், உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்று. பிரான்சுக்கு எதிராக ஸ்பெயின் முதலில் முன்னிலை பெற்றது. 41ஆவது நிமிடத்தில் மேலேறி நின்ற ஸ்பெயின் பின்களத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து. ஓடுகிறவனை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறி பலிக்கவில்லை. ரிபெரி ஓடி கசியாஸைச் சுற்றிப்போய் அடித்தார். 83ஆவது நிமிடத்தில் ஆன்ரி ஓடிய பாதையில் புயோல் குறுக்கே நின்றதற்கு ஃப்ரீ கிக் கொடுத்தார் நடுவர். அதிலிருந்து வியெரா கோல் அடித்தார். ஆன்ரி அந்த மோதலை மிகைப்படுத்தினார் என்று ஸ்பெயின்காரர்கள் கொதித்தார்கள். இருக்கலாம். முடிவு 3–1. மேலேறி நிற்கும் பின்களம் என்ன விலை கேட்கும் என்பது அன்று தெரிந்தது.

பாதி மைதானம் காலி

2008இல் பெப் குவார்டியோலா பயிற்சியாளராக வந்தபோது இந்த விலையைத் தெரிந்தேதான் அணியை இன்னும் மேலே ஏற்றினார். அதன் கணக்கு எளிது. மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 105 மீட்டர். பின்களக் கோட்டை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், பத்து ஆட்டக்காரர்களும் எதிரணியும் மீதிப் பாதிக்குள் நெருக்கியடித்து நிற்பார்கள். நெருக்கமாக நின்றால் பாஸ் சின்னதாகும், தவறு குறையும். பந்து பறிபோனாலும் பறித்தவனைச் சுற்றி உடனே மூன்று பேர் இருப்பார்கள். சில நொடிகளில் திரும்பப் பிடுங்கிவிடலாம். பார்க்க மாயம்போல இருந்த அந்த ஆட்டத்தின் அடிப்படை இந்த நெருக்கம்தான்.

ஆனால் பிடுங்க முடியாமல் போகும் சில தடவைகள் இருக்கின்றனவே. எதிரணியில் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு நொடி கிடைத்தால் போதும். நீளமான ஒரு பந்து. அங்கே கோல்கீப்பர் விக்டர் வால்டேஸுக்கும் பின்களக் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது மீட்டர் வெறும் புல். வலது பக்கம் டானி ஆல்வெஸ் பின்கள வீரர் என்று பெயர்தான். எந்நேரமும் எதிரணியின் கார்னர் கொடிப் பக்கம் இருப்பார். மான்செஸ்டர் யுனைடெடிலிருந்து 2008இல் திரும்பி வந்த பிக்கே பந்தோடு முன்னேறிப் பாஸ் போடுவதில் கெட்டிக்காரர், உயரமானவர். ஆனால் திரும்பி ஓடுவதில் வேகமில்லை. அந்த ஐம்பது மீட்டர் யாருடைய பொறுப்பு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி ஓடுவது சாதாரண ஓட்டமில்லை. பந்தை ஒரு கண்ணால், ஓடுகிறவனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொந்தக் கோலை நோக்கி ஓட வேண்டும். அவனை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போவதா, காத்திருப்பதா, சறுக்கிப் பாய்வதா என்று ஓட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும். சறுக்கினால் பந்து கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கீழே கிடப்பவனை விட்டுவிட்டு அவன் போய்விடுவான். புயோலிடம் நான் வியந்தது சறுக்கியதைவிட எழுந்ததை. முதல் முயற்சி தப்பினாலும் தரையில் கை ஊன்றி எழுந்து அதே ஆளை இரண்டாவது தடவை மறித்துவிடுவார். பழைய ஆட்டங்களை இன்று போட்டுப் பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். பந்து எதிரணியின் பெட்டிக்குள் இருக்கும்போதும் இவர் கை நீட்டி யாரையோ நகர்த்திக்கொண்டிருப்பார், கத்திக்கொண்டிருப்பார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற ஒன்பது பேரும் முன்னே பார்த்து ஆட முடிந்தது ஒருவர் பின்னே பார்த்துக்கொண்டிருந்ததால்.

2009 மே 2, ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபியூ. லீக் பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம். ஹிகுவைன் 14ஆவது நிமிடத்தில் மாட்ரிட்டுக்கு முதல் கோல் அடித்தார். அப்போது பார்சிலோனாவில் இருந்த ஆன்ரி சமன் செய்தார். 20ஆவது நிமிடத்தில் சாவியின் ஃப்ரீ கிக் உள்ளே வளைந்து வர, புயோல் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் அடித்தார். ஓடும்போதே கைப்பட்டையைக் கழற்றி முத்தமிட்டார். மாட்ரிட் நடுவில், மாட்ரிட் ரசிகர்கள் முன், அந்தக் கோடுகள் போட்ட துணி. கட்டலோனியர்களுக்கு அது என்ன பொருள் தந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. முடிவு 6–2.

அதே மாதம் 27 அன்று ரோமில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஆல்வெஸ், அபிடால் இருவரும் தடையால் ஆட முடியவில்லை. பிக்கேயோடு நடுக்கள வீரர் யாயா டூரே சென்டர் பேக்காக நிற்க, இடது பக்கம் சில்வின்யோ. புயோல் தன் பழைய இடமான வலது பின்களத்துக்குப் போனார். மான்செஸ்டர் யுனைடெட் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, 2–0. கேப்டனை ஓரத்துக்கு நகர்த்தி, நடுவில் ஒரு நடுக்கள வீரரை வைத்து இறுதிப் போட்டி ஆட முடிந்தது என்றால், அது அந்தக் கேப்டன் எந்த இடத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்பவராக இருந்ததால்தான். ஐந்து இடங்களில் ஆடிய பையன் 31 வயதிலும் அதே பையனாகத்தான் இருந்தார்.

டர்பன்

ஸ்பெயின் 2008 யூரோவின் நாக் அவுட் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடியது. புயோலும் மார்ச்சேனாவும் நடுவில். இத்தாலியோடு கோலில்லாமல் முடிந்து பெனால்டியில் வெற்றி, ரஷ்யாவை 3–0, ஜெர்மனியை 1–0. 2010 உலகக் கோப்பையின் நாக் அவுட்டில் நான்கு ஆட்டம், புயோலும் பிக்கேயும். நான்கிலும் 1–0. ஆக, இரண்டு பெரிய போட்டித் தொடர்கள், தோற்றால் ஊர் திரும்ப வேண்டிய ஏழு ஆட்டங்கள், வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. ஸ்பெயினின் அந்தக் காலத்தைப் பாஸ் ஆட்டத்தின் காலம் என்கிறோம். பாஸ் ஆட்டம் பந்தை வைத்திருந்தது உண்மை. வைத்திருக்க முடியாத நொடிகளும் இந்த ஏழு ஆட்டங்களுக்குள் இருந்தன.

ஜூலை 7, டர்பன். மூன்று வாரம் முன்பு இதே மைதானத்தில்தான் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றிருந்தது. ஜெர்மனி இங்கிலாந்தை நான்கு கோல், அர்ஜென்டினாவை நான்கு கோல் போட்டுவிட்டு அரையிறுதிக்கு வந்திருந்தது. 72 நிமிடம் வரை கோல் இல்லை. 73ஆவது நிமிடத்தில் இடது மூலையிலிருந்து சாவியின் கார்னர். புயோல் பெட்டிக்குள் நிற்கவில்லை, வெளியே நின்றார். சாவி காலை வீசும் நேரத்தில் ஓட்டத்தைத் தொடங்கினார். நின்ற இடத்திலிருந்து எம்புகிறவனுக்கும் பத்து மீட்டர் ஓடிவந்து எம்புகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 1.90 மீட்டருக்கு மேல் உயரமான பிக்கேயும் அதே பந்துக்காக எழும்பினார். புயோலின் தலை அவருக்கும் மேலே இருந்தது. பந்து நெற்றியில் பட்டது. ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயருக்கு வாய்ப்பே இல்லை. சாவியும் புயோலும் கிளப்பில் வருடக்கணக்காகப் பழகிய ஓட்டம் அது. பெர்னபியூவில் அடித்த கோலின் உடன்பிறப்பு.

நாட்டுக்காக 100 போட்டியில் அவர் அடித்தது மூன்றே கோல். அதில் ஒன்று இது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வாழ்த்துச் சொல்ல வந்த சோபியா அரசியின் முன் இடுப்பில் துண்டோடு வந்து நின்ற புயோலின் கதையை ஸ்பெயினில் இன்றும் பிரியமாகச் சொல்வார்கள்.

பிடித்து நிறுத்தியவர்

2012 ஏப்ரல் 29, வாயகாஸ். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடக் கூடாது என்று போராடிக்கொண்டிருந்த ராயோ வாயகானோவை அதன் சொந்த மைதானத்தில் பார்சிலோனா துவைத்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது கோல் அடித்த தியாகோவும் ஆல்வெஸும் சேர்ந்து நடனமாடத் தொடங்கினார்கள். புயோல் ஓடிவந்தார். இருவரையும் பிடித்துத் தள்ளி, ஆட்டத்தைத் தொடரச் சொல்லி நடுக்கோட்டுப் பக்கம் அனுப்பினார். முகத்தில் கோபம் தெரிந்தது. ஆட்டம் 7–0 என முடிந்தது. குவார்டியோலா பிறகு அந்த நடனத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கேப்டன் அதற்கு முன்பே, மைதானத்திலேயே, தோற்றுக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னாலேயே அதைச் செய்துவிட்டிருந்தார்.

இது நல்ல மனிதர் என்பதற்கான சான்று மட்டுமில்லை, ஆட்டத்தோடு தொடர்புள்ளது. மேலேறி நிற்கும் அணிக்கு மிகப் பெரிய ஆபத்து கவனம் சிதறுவது. கோல் அடித்த மகிழ்ச்சியில் ஒருவன் இரண்டு மீட்டர் தளர்ந்து நின்றால் ஆஃப்சைடு கோடு உடைந்துபோகும். அடுத்த ஓட்டம் யார் ஓட வேண்டியிருக்கும் என்று புயோலுக்குத் தெரியும்.

2010 நவம்பர் 29 அன்று ரியல் மாட்ரிட் பார்சிலோனாவிடம் 5–0 எனத் தோற்ற இரவில், மெஸ்ஸியை உதைத்து வீழ்த்திய செர்ஹியோ ராமோஸ், கேட்க வந்த புயோலின் முகத்தில் கை வைத்துத் தள்ளினார். நான்கு மாதம் முன்பு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உலகக் கோப்பை வென்றவர்கள். புயோல் திருப்பி அடிக்கவில்லை. ராமோஸுக்கு சிவப்பு அட்டை.

2011 மே 28, வெம்ப்லி. சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. முழங்கால் வலியால் மாதக்கணக்கில் வெளியே இருந்து வந்த புயோல் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. கடைசி நிமிடங்களில் ஆல்வெஸுக்குப் பதிலாக இறங்கினார். 3–1 வெற்றி. கோப்பையை முதலில் தூக்குவது கேப்டனின் உரிமை. அவர் பட்டையையும் கோப்பையையும் எரிக் அபிடாலிடம் கொடுத்தார். கல்லீரலில் கட்டி என்று மார்ச்சில் அறுவை செய்துகொண்ட அபிடால் அன்று முழு ஆட்டமும் ஆடியிருந்தார். அந்தப் படத்தில் புயோல் எங்கோ ஓரத்தில்தான் தெரிவார்.

முழங்கால்

2011இலிருந்து அவருடைய கதை மருத்துவக் குறிப்பாக மாறிவிடுகிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இடது முழங்காலால் மாதக்கணக்கில் ஆட முடியவில்லை. 2012 மே மாதத்தில் மறுபடி முழங்கால் அறுவை. ஸ்பெயின் வென்ற யூரோ 2012ஐ வீட்டில் இருந்து பார்த்தார். அக்டோபர் 2 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரு பந்துக்கு எழும்பி விழுந்தபோது இடது முழங்கை மூட்டு நழுவி, கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க எனக்கு மனமில்லை. 2013 பிப்ரவரி 6, தோஹா, உருகுவேக்கு எதிராக நாட்டுக்காக 100ஆவது ஆட்டம், அதுதான் கடைசி. அடுத்த மாதம் வலது முழங்கால் அறுவை.

அந்த அறுவையால் அவர் இல்லாத ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும்தான் பார்சிலோனா பயர்ன் மூனிக்கிடம் 4–0, 3–0 என இரண்டு ஆட்டமும் தோற்றது. அவர் இருந்திருந்தால் தோற்றிருக்காது என்று சொல்ல மாட்டேன். அன்றைய பயர்ன் அப்படிப்பட்ட அணி. மெஸ்ஸியும் காயத்தோடு இருந்தார். புயோல் இல்லாமலேயே 2015இல் பிக்கேயும் மஸ்செரானோவும் நடுவில் நிற்க, பார்சிலோனா லீக், கோபா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் என மூன்று பட்டங்களையும் வென்றதையும் மறைக்க முடியாது. ஆனால் லூயிஸ் என்ரிக்கேயின் அந்த அணி ஆடிய விதம் வேறு. மெஸ்ஸி, சுவாரஸ், நெய்மார் மூவருக்கும் பந்தைச் சீக்கிரம் கொடுத்துவிட்டுப் பின்களம் தாழ்ந்து நிற்கவும் அது தயங்கவில்லை. திரும்பி ஓடுகிறவர் போனதும் ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

முழங்காலுக்கும் இந்த ஆட்ட முறைக்கும் நேரடித் தொடர்பு உண்டா? மருத்துவராக இல்லாமல் அதை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மூட்டு தாங்கிய வேலையைப் பார்க்கலாம். முழு வேகத்தில் முன்னே ஓடியவன் ஒரே அடியில் நின்று, இடுப்பைத் திருப்பி, எதிர்த் திசையில் முழு வேகம் எடுக்கிறான்; கடைசியில் சறுக்கி விழுந்து ஒரு காலை ஊன்றி எழுகிறான். ஆட்டத்துக்குப் பல தடவை, வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆட்டம், பதினைந்து வருடம். சாவிக்கும் இனியெஸ்டாவுக்கும் அவர்கள் ஆடிய முறை நீண்ட ஆயுளைக் கொடுத்தது. அவர்கள் ஓடாமல் பந்தை ஓடவிட்டார்கள். அதே முறை புயோலிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தது.

2014 மார்ச் 2, கேம்ப் நூ, அல்மேரியாவுக்கு எதிரான லீக் ஆட்டம். பார்சிலோனா 4–1 என வென்றது. புயோலும் ஒரு கோல் அடித்தார். இரண்டு நாள் கழித்து நிருபர்கள் முன் வந்து, சீசன் முடிவில் கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்தார். தான் எதிர்பார்க்கும் அளவுக்கு உடம்பு திரும்பி வரவில்லை என்பதுதான் காரணம். ஒப்பந்தம் 2016 வரை இருந்தது. மீதி இரண்டு வருடத்தைக் கேட்கவில்லை. அல்மேரியா ஆட்டத்துக்குப் பிறகு அவர் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை.

அடுத்த சீசனில் அவருடைய 5ஆம் எண் சட்டையை எடுத்துக்கொண்டவர் செர்ஹியோ புஸ்கெட்ஸ், நடுக்கள வீரர்.